பார்வை நேரம் ஏறாமல் இறங்குகிறது: சிறிய சேனலில் வருமானம் வரும்வரை எதை நம்பித் தொடர்வது?

ஊசிமுனை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது, பராமரிப்பது ஆகியவற்றைப் பற்றி யூடியூபில் ஒரு சிறிய சேனல் நடத்தி வருகிறேன். சந்தாதாரர்கள் எழுநூறை நெருங்கிவிட்டார்கள். வாரம் தவறாமல் ஒரு காணொளியாவது ஏற்றிவிடுகிறேன். படப்பிடிப்பு, குரல் பதிவு, எடிட்டிங், தம்ப்நெயில் (காணொளியின் முகப்புப் படம்) எல்லாமே நான் ஒருத்திதான்.

என்னைக் குழப்புவது ஒரே விஷயம். மானிடைசேஷனுக்கு, அதாவது விளம்பர வருமானம் பெற, 1,000 சந்தாதாரர்களும் 4,000 மணி பார்வை நேரமும் வேண்டும். அந்தப் பார்வை நேரம் சில மாதங்களுக்கு முன் 3,100 மணியைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் உழைத்தால் 4,000 வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில் அது மெல்ல இறங்கத் தொடங்கி, இப்போது 2,700-க்கு அருகில் நிற்கிறது. காணொளிகளின் எண்ணிக்கையை நான் குறைக்கவில்லை. தரமும் குறைந்ததாகத் தெரியவில்லை. உழைப்பு கூடக்கூட எண் குறைகிறது என்றால் இதில் ஏதோ எனக்குப் புரியாத கணக்கு இருக்கிறது.

விடாமல் செய்தால் ஒரு நாள் பலன் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விடாமல் செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எதை விடாமல் செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை

வணக்கம் சகோதரி. முதலில் எண் ஏன் இறங்குகிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் சோர்ந்து சேனலை மூடுவது இந்த இடத்தில்தான்.

யூடியூப் கேட்கும் 4,000 மணி என்பது சேனல் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தம் அல்ல. கடந்த 12 மாதங்களில் பொதுப் பார்வையில் உள்ள காணொளிகளுக்குக் கிடைத்த நேரம் மட்டுமே கணக்கில் வரும். ஒவ்வொரு நாளும் இன்றைய நேரம் ஒரு பக்கம் சேரும்போது, சென்ற ஆண்டு இதே நாளில் கிடைத்த நேரம் மறுபக்கம் உதிர்ந்துவிடும். உங்கள் காணொளிகளில் ஏதேனும் ஒன்று சென்ற ஆண்டு இதே காலத்தில் நன்றாக ஓடியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அந்த நாள்கள் இப்போது வரிசையாகக் கழிகின்றன. ஆகவே நீங்கள் இந்த ஆண்டு செய்தது குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள்; சென்ற ஆண்டின் வெற்றி வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால் 4,000 மணி என்பது ஒரு நாளைக்குச் சுமார் 11 மணி நேரம். யூடியூப் ஸ்டுடியோவில் (நம் சேனலின் புள்ளிவிவரங்களைக் காட்டும் பகுதி) கடந்த 28 நாள்களின் பார்வை நேரத்தை எடுத்து 28-ஆல் வகுத்துப் பாருங்கள். அது 11-க்கு மேல் நிலையாக நின்றால் காலப்போக்கில் எல்லையைத் தொட்டே தீருவீர்கள். 7 அல்லது 8-இல் நின்றால், எத்தனை ஆண்டுகள் இதே அளவில் தொடர்ந்தாலும் தொட மாட்டீர்கள். மொத்த எண்ணை விடுத்து இந்தத் தினசரி எண்ணைப் பார்த்து வருவதே நல்லது.

கணக்கில் சேராதவை சில உண்டு. காணொளியைப் பிரைவேட் (பொதுமக்கள் பார்க்க முடியாதது) ஆகவோ அன்லிஸ்டட் (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்ப்பது) ஆகவோ மாற்றினால், அல்லது நீக்கினால், அதற்குக் கிடைத்த நேரமும் கணக்கிலிருந்து போய்விடும். பணம் கட்டி விளம்பரமாக ஓட்டிய காணொளிக்கு அந்த விளம்பரம் மூலம் கிடைத்த நேரம் சேராது. "பழையது சரியில்லை" என்று தோன்றி முதல் ஆண்டுக் காணொளிகளை அழிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. 2023 ஜூன் மாதத்தில் யூடியூப் ஒரு கீழ்ப்படியை அறிவித்தது. 500 சந்தாதாரர்கள், கடந்த 90 நாள்களில் 3 பொதுக் காணொளிகள், 12 மாதங்களில் 3,000 மணி இருந்தால், உறுப்பினர் திட்டம், சூப்பர் தேங்க்ஸ் போன்ற, ரசிகர்களிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் வழிகள் திறக்கும். விளம்பர வருமானம் அந்தப் படியில் கிடையாது. உங்கள் நாட்டில் இந்தப் படி நடைமுறையில் இருந்தால், எண் மறுபடி 3,000-ஐத் தாண்டும் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். திட்டத்துக்குள் வந்த பிறகு எண் எல்லைக்குக் கீழே போனாலும் உடனே வெளியேற்ற மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் எதையும் ஏற்றாமல் கிடக்கும் சேனல்களைத்தான் நீக்கக்கூடும் என்று விதியில் இருக்கிறது.

நடைவண்டி

இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளைப் போடுங்கள். 60 விநாடிக் காணொளி ஒன்று நன்றாகப் பிடித்துக்கொண்டால், நீங்கள் ஓராண்டில் சேர்த்த சந்தாதாரர்களை ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டும். ஷார்ட்ஸ் வழியாக வரும் சந்தாதாரர்களும் அந்த 1,000-இல் சேர்த்தி. தையல் இயந்திரத்தில் ஊசி இறங்குவதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினால் பார்க்காமல் யார் போவார்கள்? நான் சமையல் குறிப்புகளைத் துண்டு துண்டாகப் போட்டுத்தான் சந்தாதாரர் எல்லையைத் தாண்டினேன். தினம் ஒன்று, தவறாமல். விடாமுயற்சிக்கு இதைவிட எளிய வடிவம் எனக்குத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

நடைவண்டி நண்பர் சந்தாதாரர்களைப் பற்றிச் சொன்னது சரி. பார்வை நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், இந்த இழையின் கேள்வியோ அதைப் பற்றியது.

ஷார்ட்ஸ் ஊட்டத்தில் (விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வரிசையில்) பார்க்கப்பட்ட நேரம் 4,000 மணியில் சேராது. ஷார்ட்ஸ் மூலமாகவே விளம்பர வருமானப் படிக்குப் போக விரும்புவோருக்குத் தனி எல்லை இருக்கிறது: 90 நாள்களில் 1 கோடி செல்லுபடியாகும் பார்வைகள். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் மேல். கீழ்ப்படிக்கே 90 நாள்களில் 30 லட்சம் வேண்டும். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். ஆனால் தகுதிக்கும் பணத்துக்கும் அந்தப் பெரிய எண் பயன்படாது, உண்மையில் நின்று பார்த்தவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். எனவே திரையில் தெரியும் எண்ணை வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

பணப் பங்கீடும் வேறு. நீளமான காணொளியில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு நமக்கு. ஷார்ட்ஸில், விளம்பரப் பணத்தை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, இசைக்குரிய பங்கைக் கழித்து, பார்வைகளின் விகிதத்தில் பிரித்த பிறகு, நமக்கு ஒதுக்கப்பட்டதில் 45 விழுக்காடு.

சகோதரி கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 15-க்குப் பிறகு ஏற்றப்படும் செங்குத்தான அல்லது சதுரமான காணொளி 3 நிமிடம் வரை இருந்தால் அது ஷார்ட்ஸ் என்றே வகைப்படுத்தப்படும். இரண்டரை நிமிடப் பழுது விளக்கத்தைக் கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால், ஊட்டத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம் உங்கள் எல்லைக்கு உதவாது. அதையே படுக்கை வாக்கில் எடுத்தால் உதவும்.

மூன்றாம்கண்

எல்லோரும் எல்லையை எப்படித் தொடுவது என்று பேசுகிறீர்கள். தொட்ட பிறகு என்ன கிடைக்கும் என்பதை யாராவது சொல்ல வேண்டும். விருப்பமில்லாவிட்டாலும் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 60,000 பார்வைகள். நம் பங்காக ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் தொகையை ஆர்பிஎம் என்பார்கள். அது பார்வையாளர் இருக்கும் நாடு, காணொளியின் பொருள், ஆண்டின் எந்த மாதம் என்பதையெல்லாம் பொறுத்து மிகவும் மாறுபடும். கணக்குக்காக அதை 1 டாலர் என்று வைப்போம். 60,000 பார்வைக்கு 60 டாலர். ஓராண்டுக்கு! டாலரில் பணம் பெறுவோருக்கு 100 டாலர் சேர்ந்தால்தான் பணமே அனுப்புவார்கள். அதாவது எல்லையைச் சரியாகத் தொட்டு அங்கேயே நிற்கும் ஒரு சேனலுக்கு, இந்தக் கணக்கின்படி, முதல் பணம் கைக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு யூடியூபே சாட்சி. 2018 ஜனவரியில் 1,000 சந்தாதாரர், 4,000 மணி என்ற விதியைக் கொண்டுவந்தார்கள்; அதற்கு முன் 2017 ஏப்ரல் முதல் வெறும் 10,000 பார்வை இருந்தாலே போதும் என்று இருந்தது. புதிய விதியால் வெளியேற்றப்படும் சேனல்களில் 99 விழுக்காடு கடந்த ஓராண்டில் 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டின என்றும், 90 விழுக்காடு கடைசி மாதத்தில் 2.50 டாலருக்கும் குறைவாகவே ஈட்டின என்றும் அந்த அறிவிப்பிலேயே எழுதினார்கள். படித்த பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது கசப்பான உண்மையாகவே பட்டது.

நான் ஊக்கத்தைக் கெடுக்க வரவில்லை. வாசலில் நுழைவதையே வருமானம் என்று எண்ணிக்கொண்டு ஓராண்டு உழைத்து, நுழைந்த மாதத்தில் 4 டாலரைப் பார்த்து உடைந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லையைத் தொடும்வரை தாக்குப்பிடிப்பவர்கள் நிறைய. தொட்டபின் வரும் அந்த வறண்ட ஆண்டைத் தாண்டுபவர்கள்தான் குறைவு.

ஊசிமுனை

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது. கால்மிதி இயந்திரம் ஏன் பின்னோக்கி ஓடுகிறது என்று ஒரு காணொளி போட்டிருந்தேன்; சென்ற ஆண்டு அது மட்டும் எதிர்பாராமல் பரவியது. அந்த மாதங்கள்தான் இப்போது கழிகின்றன. இன்று என் தினசரிச் சராசரி ஏழரை மணி. மனம் லேசானது, கூடவே கனத்தும் போனது.

மூன்றாம்கண் அவர்கள் எழுதியதை இருமுறை படித்தேன். அப்படியென்றால் இதை விட்டுவிடுவதுதான் அறிவா, அல்லது அந்த வறண்ட ஆண்டைக் குறுக்க வழி இருக்கிறதா? என் ஸ்டுடியோவில் ஒன்றை மட்டும் கவனித்தேன். "ஒரு தையல்காரியின் நாள்" என்ற தலைப்பில் நான் போடும் காணொளிகளை ஏற்றிய இரண்டு நாள் வரை சந்தாதாரர்கள் பார்க்கிறார்கள், அதன் பிறகு வரைபடம் தரையோடு படுத்துவிடுகிறது. "கீழ்நூல் சிக்குவது ஏன்?" என்ற காணொளியோ முதல் வாரம் யாரும் சீண்டவில்லை, இப்போது தினமும் இருபது, முப்பது பேர் பார்க்கிறார்கள். இதற்கு ஏதாவது பொருள் உண்டா?

வெண்திரை

உண்டு சகோதரி. இந்த இழையில் இதுவரை எழுதப்பட்டவற்றில் மிகவும் பயனுள்ள தகவல் உங்கள் கடைசி மூன்று வரிகளில்தான் இருக்கிறது. நான் பிறருடைய சேனல்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பவன். இந்த இரண்டு வகை வரைபடத்தையும் அன்றாடம் பார்க்கிறேன்.

"ஒரு தையல்காரியின் நாள்" காணொளியை யாரும் தேட மாட்டார்கள். உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் உங்களுக்காகப் பார்க்கிறார்கள். அறிந்தவர்கள் எழுநூறு பேர் என்றால், அதற்கு மேல் போக அதற்கு வழியே இல்லை. கீழ்நூல் சிக்குவது அப்படி அல்ல. உலகில் எங்கோ ஒருவர் பாதித் தையலில் துணி மாட்டிக்கொண்ட எரிச்சலோடு கைபேசியை எடுத்து அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்கிறார். இன்றும் செய்கிறார், அடுத்த ஆண்டும் செய்வார். அந்தக் காணொளி உங்கள் 12 மாதக் கணக்கில் ஒவ்வொரு நாளும் புதிதாக நேரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், உதிர்வதை ஈடுகட்டும். அதைப் போல இருபது காணொளிகள் இருந்தால், நீங்கள் ஒரு மாதம் ஓய்வெடுத்தாலும் எண் இறங்காது.

ஆகவே "எதை விடாமல் செய்வது" என்ற கேள்விக்கு என் பதில்: வாரம் ஒரு காணொளி என்ற எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பிறர் தேடும் ஒரு கேள்விக்கு முழுமையான பதில் என்ற வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. தையல் விடுவது ஏன், மேல்நூல் அறுவது ஏன், பாபின் கேஸை (கீழ்நூல் உருளை இருக்கும் கூட்டை) எப்படிக் கழற்றி மாட்டுவது, எண்ணெய் எங்கெங்கே விடுவது என்று உங்களிடம் கேட்க வருபவர்கள் எந்தச் சொற்களில் கேட்கிறார்களோ, அந்தச் சொற்களிலேயே தலைப்பு வையுங்கள். ஸ்டுடியோவில் போக்குவரத்து மூலங்கள் என்ற பகுதியில் யூடியூப் தேடல் என்பதைத் தொட்டால், மக்கள் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். எழுத்துப் பிழைகளோடு இருக்கும்; அந்தப் பிழைகளும் உதவும்.

நேரம் கிடைத்ததால் உங்கள் கீழ்நூல் காணொளியைப் பார்த்தேன். தவறாக எண்ண வேண்டாம். முதல் ஒரு நிமிடம் வணக்கம், சேனல் அறிமுகம், சந்தா வேண்டுகோள், பெல் பொத்தான். துணி மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அதுவரை பொறுமை இருக்காது. எந்த விநாடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முதல் அரை நிமிடத்துக்குள் கோடு செங்குத்தாக விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாறாக, சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கீழே இல்லை, மேல்நூலைக் கோத்ததில்தான் இருக்கிறது என்று விளக்கி, பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்தும் பாதத்தை) தூக்கிவிட்டுத்தான் நூலை அதை இறுக்கும் டென்ஷன் தட்டுகளுக்கிடையே செலுத்த வேண்டும் என்று காட்டுகிறீர்களே, அந்த இடத்தில் கோடு மேல்நோக்கி ஒரு மேடாக எழுந்திருக்க வேண்டும். பின்னால் தள்ளி மறுபடி மறுபடி பார்த்தால் அப்படி மேடு வரும். அந்த மேட்டைத்தான் காணொளியின் முதல் 10 விநாடிக்குள் கொண்டுவர வேண்டும்: "கீழே சிக்குகிறது என்றால் மேலே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நேராக இயந்திரத்துக்குப் போங்கள். வணக்கத்தைப் பிறகு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். படம் சற்று மங்கலாக இருந்தால் சகித்துக்கொள்வார்கள். இயந்திரச் சத்தத்துக்குள் உங்கள் குரல் மூழ்கினால் வெளியேறிவிடுவார்கள். இயந்திரம் ஓடும்போது பேசாமல், நிறுத்திவிட்டுப் பேசுங்கள். செலவே இல்லாத திருத்தம் அது.

நடைவண்டி

வெண்திரை அண்ணன் சொல்வது பழுதுபார்ப்பு போன்ற சேனலுக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 நிமிடம் தொட்டால்தான் காணொளியின் நடுவிலும் விளம்பரம் வைக்க முடியும். நூல் சிக்கலை 3 நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறதே? நீளமாக இருந்தால் பார்வை நேரமும் கூடும் அல்லவா?

வெண்திரை

2020 ஜூலையில் அந்த எல்லையை 10 நிமிடத்திலிருந்து 8-க்குக் குறைத்தார்கள் என்பது உண்மை. அன்றிலிருந்து 8 நிமிடம் 5 விநாடிக் காணொளிகள் காளானாக முளைத்திருப்பதும் உண்மை. ஆனால் 3 நிமிடச் செய்தியை 8 நிமிடத்துக்கு இழுத்தால், பார்ப்பவர் இரண்டாவது நிமிடத்தில் போய்விடுவார். கூடுவதாக நினைத்த நேரம் கூடாது. வேண்டுமானால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிக்கல்களை ஒன்றாக்குங்கள். நூல் அறுதல், தையல் விடுதல், கீழே கொத்தாகச் சேர்தல் ஆகிய மூன்றுக்கும் ஊசி மழுங்கியிருப்பது, ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பது, கோப்பது தவறியிருப்பது போன்ற பொதுவான காரணங்கள் உண்டு. அவற்றை ஒரே காணொளியில் வரிசையாகச் சோதித்துக் காட்டினால் 10 நிமிடம் இயல்பாகவே ஆகும். விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகளைக் கொடுத்தால் அத்தியாயங்களாகப் பிரியும். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். தேவையான பகுதிக்கு நேரே தாவுவதால் நேரம் குறையுமே என்று அஞ்சுபவர்கள் உண்டு. எனக்கு அந்த அச்சம் இல்லை. தேடியது கிடைத்தவர் மறுபடி வருவார்.

தம்ப்நெயில் குறித்து நிறையப் பேசுவார்கள். சேனல்கள், காணொளிகள் ஆகியவற்றில் பாதிக்குச் சொடுக்கு விகிதம் (தம்ப்நெயில் காட்டப்பட்டதில் எத்தனை முறை தொடப்பட்டது என்பது) 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. உங்களுடையது அதற்குள் இருந்தால் அதில் நாள்களைச் செலவிட வேண்டாம்.

மூன்றாம்கண்

சகோதரியின் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விடச் சொல்லவில்லை. வறண்ட ஆண்டைக் குறுக்க ஒரே வழி, விளம்பரத்தை முதல் வருமானமாக எண்ணாமல் இருப்பது.

உங்கள் காணொளியைத் தேடி வருபவர் யார்? பழுதான இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு உதிரிப்பாகம் தேவைப்படலாம். தானாகச் செய்யத் துணிவில்லாமல் உங்களிடமே இயந்திரத்தைக் கொடுக்க நினைக்கலாம். காணொளி அழைப்பில் அரை மணி நேரம் வழிகாட்டினால் கட்டணம் தரத் தயாராக இருக்கலாம். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பலாம். இவற்றில் ஒரே ஒரு வேலை, ஆயிரக்கணக்கான பார்வைகளுக்குக் கிடைக்கும் விளம்பரப் பணத்துக்குச் சமம். இதற்கு 1,000 சந்தாதாரர் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளிலும், கருத்துகளில் முதலாவதாகப் பொருத்தி வைக்கும் கருத்திலும் தொடர்புகொள்ளும் வழியைத் தெளிவாக எழுதி வையுங்கள். நகைச்சுவைச் சேனல் நடத்துபவருக்கு இந்த வசதி கிடையாது, அவர் விளம்பரத்தையே நம்ப வேண்டும். கைத்தொழில் கற்றவருக்கு உண்டு. எழுநூறு சந்தாதாரர் கொண்ட உங்கள் சேனலை, எழுபதாயிரம் கொண்ட சில சேனல்களைவிட நான் மதிப்பது இதனால்தான்.

நிறுவனங்கள் ஏதாவது கருவியைக் கொடுத்துப் பேசச் சொன்னால், ஏற்றும்போது கட்டண விளம்பரம் உண்டு என்ற பெட்டியைத் தவறாமல் குறியிடுங்கள். மட்டமான ஊசியை ஒருமுறை புகழ்ந்தால் போதும், உங்கள் எல்லாக் காணொளிகளின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

சந்தாதாரர்களை விலைக்குத் தருகிறோம் என்று வரும் செய்திகளுக்குப் பதில்கூட எழுதாதீர்கள்.

ஊசிமுனை

தக்கவைப்பு வரைபடத்தைத் திறந்தேன். வெண்திரை அவர்கள் பார்க்காமலே சொன்ன இரண்டு இடங்களும் அப்படியே இருக்கின்றன. கோடு 25-ஆவது விநாடிக்குள் பாதிக்கு இறங்கி, டென்ஷன் தட்டு வரும் இடத்தில் ஒரு சிறு குன்றுபோல எழுகிறது. இனி "நாள்" காணொளிகளை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளைக் கடையில் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன். அழைப்புக் கட்டண யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அதை வரும் வாரமே தொடங்குகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. பின்னணியில் வானொலியில் ஒலித்த பாட்டு ஒன்று ஒரு காணொளியில் பதிவாகி, காப்புரிமைக் கோரல் என்று செய்தி வந்திருக்கிறது. இதனால் சேனலுக்கே ஆபத்தா? அடுத்து, என் தங்கை அவளுடைய வலைப்பதிவுக்கு ஆட்சென்ஸ் கணக்கு (கூகுள் விளம்பரப் பணத்தைப் பெறும் கணக்கு) வைத்திருக்கிறாள். நாளைக்கு அனுமதி கிடைத்தால் அதையே என் சேனலுக்கும் இணைத்துவிடலாம் என்கிறாள். செய்யலாமா?

கணக்குப்பிள்ளை

கோரலும் ஸ்ட்ரைக்கும் (சேனல்மீது விழும் தண்டனைப் புள்ளியும்) வேறு வேறு. உங்களுக்கு வந்திருப்பது கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டதால் வந்த கோரலாக இருக்கும். அந்தக் காணொளியில் ஓடும் விளம்பரப் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் காணொளி தடுக்கப்படலாம். சேனலுக்குக் கரும்புள்ளி விழாது. உரிமையாளர் நீக்கக் கோரிக்கை கொடுத்தால்தான் ஸ்ட்ரைக். அப்படி 90 நாள்களில் மூன்று விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். ஸ்டுடியோ எடிட்டரிலேயே அந்தப் பாட்டை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது. காணொளியை அழிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதன் பார்வை நேரமும் போய்விடும். இனிப் பின்னணி இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஒலி நூலகம் போதும். உங்கள் வகைக் காணொளிக்கு இசையே தேவையில்லை என்பேன்.

விண்ணப்பித்த பிறகு ஆள்கள் சேனலைப் பார்ப்பார்கள். வழக்கமாக ஒரு மாதம் வரை ஆகும். பிறருடைய காணொளியை எடுத்து ஒட்டியவை, ஒரே வார்ப்பில் தொழிற்சாலைபோல உற்பத்தி செய்தவை நிராகரிக்கப்படும்; பின்னதை 2025 ஜூலை முதல் உண்மைத்தன்மையற்ற உள்ளடக்கம் என்ற பெயரில் விதியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கையும் உங்கள் குரலும் ஒவ்வொரு காணொளியிலும் இருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஏதோ காரணத்தால் முதல்முறை மறுத்தால் 21 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அல்லது 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

தங்கையின் கணக்கை இணைக்க வேண்டாம். பணம் அந்தக் கணக்கில் உள்ள பெயருக்குத்தான் போகும், வரிக் கணக்கும் அவர் பெயரில்தான் நிற்கும். இன்று ஒற்றுமையாக இருப்பவர்களுக்குள்ளும் நாளை இதனால் பேச்சு வரும். ஒரு பெயருக்கு ஒரு கணக்குதான் அனுமதி என்பதால், உங்கள் பெயரில் ஏற்கெனவே எங்காவது பழைய கணக்கு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஸ்டுடியோ வழியாகவே உங்கள் பெயரில் புதிதாகத் திறங்கள். பெயர், வங்கிக் கணக்கில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஒரு பின் (PIN) எண் வரும். அதை 4 மாதத்துக்குள் உள்ளிடாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். பலருக்கு அந்த உறை வந்து சேர்வதே பெரும்பாடு, ஆகவே கதவு எண், அஞ்சல் குறியீடு எல்லாம் தபால்காரர் தேடாமல் வரும்படி எழுதுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் உலகெங்கும் இருந்து வரும் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளலாம் என்பது விதி. நிரப்பினால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததற்கு மட்டுமே பிடிப்பார்கள்.